கழுவாத கிழங்கு

3 அக்டோபர் 2023, செவ்வாய்

பதினைந்தாம் தேதி சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டு விளைச்சலைக் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். போன வருடம் அம்மா ஒரு கூடை கப்பைக்கிழங்கு கொண்டுபோனாள். மரவள்ளிக்கு எங்கள் மலையில் கப்பை என்றுதான் பேர். கேட்க ஆளில்லை. கடைசியில் போதகரே எடுத்துக்கொண்டார். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் நான் 'கப்பை வினோ'.

இந்த முறை ஏலக்காய்தான். அடம்பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டேன். எங்கள் மூன்று சென்ட்டில், வீட்டுக்குப் பின்னால் ஆறு செடி நிற்கிறது.

7 அக்டோபர், சனி

பள்ளி நூலகத்து விவசாயப் புத்தகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பறித்த காயை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு உலர்த்தினால் பச்சை மங்காது. செய்தேன். அடுப்புக்கு மேலே கம்பி வலை கட்டிப் பரப்பியிருக்கிறேன். புகையில் இருமல் வருகிறது, பரவாயில்லை.

12 அக்டோபர், வியாழன்

காய்ந்துவிட்டது. அப்படியே பச்சை. தேய்த்துக் காம்பு நீக்கி, பருத்த காயாக ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன். அம்மா ஏலக்காய் எஸ்டேட்டில் காயெடுப்பவள். மழை நாளில் காய் உலர்த்தும் ஸ்டோரில் தரம் பிரிக்கவும் உட்காருவாள். அவளே உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "ஏ புள்ள, ஸ்டோர்க் காய் தோத்துரும்" என்றாள்.

பெருமையில் சோறு இறங்கவில்லை.

15 அக்டோபர், ஞாயிறு

ஏலம் விட்டது ஆசீர்வாதம் மாமா. சபைக்குப் பொருளாளர், எஸ்டேட் ஸ்டோருக்கு சூப்பர்வைசர். எங்கள் பொட்டலத்தைப் பிரித்தவர் விலை கூறாமல் நின்றார்.

"ஞானக்கனி, இது எங்கத்த காய்?"

"எங்க வீட்டுக் காய்தாண்ணே" என்றாள் அம்மா.

"ஆறு செடியில இம்புட்டுப் பருத்த காயா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கோட்டயத்திலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் வாங்கிக்கொண்டார். பாராட்டுகிறார் என்று தோன்றியது.

16 அக்டோபர், திங்கள்

ஸ்டோரில் ஒரு மூட்டை ஏலக்காய் காணோம். போன வாரத்திலிருந்தே காணோமாம். அம்மாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிற்கவைத்திருக்கிறார்கள். அவளோடு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாரித்தாய் அத்தை வந்து சொன்னாள், மூச்சு வாங்க. நேற்று அவர் கேட்டதைப் பாராட்டு என்று நினைத்தேனே, முட்டாள்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாளாம். "மோந்து பாத்திருந்தா தெரியும்ணே, எங்க அடுப்புப் புகை இருக்கும்." அதற்கு ஆசீர்வாதம் மாமா, "ஸ்டோர்லயும் வெறகுதான எரியுது" என்றாராம்.

அதன்பிறகு அம்மா வாய் திறக்கவில்லை. ஏன்? ஏன் பேசவில்லை?

17 அக்டோபர், செவ்வாய்

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். நான்தான் பச்சையாக்கினேன், நான்தான் பொறுக்கினேன் என்றேன்.

"புஸ்தகம் பச்சைக்கு வழி சொல்லுது. மூட்டைக்கு வழி சொல்லுதா? போ தாயி, படிக்கிற புள்ள நீ."

திரும்பும் வழியெல்லாம் அழுதேன். சோடாவில் போடாமல் இருந்திருந்தால் காய் வெளுத்திருக்கும். வெளுத்த காயை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

18 அக்டோபர், புதன்

அம்மாவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா போனில், "நான் வந்து நாலு வார்த்த கேக்கவா?" என்றார். அம்மா, "லீவு போடாதீங்க. கர்த்தருக்குத் தெரியும்" என்றாள்.

கர்த்தருக்குத் தெரியும். ஸ்டோருக்குத் தெரிய வேண்டாமா?

21 அக்டோபர், சனி

சனிக்கிழமை சபைக் கோயிலைக் கூட்டுவது அம்மாவின் முறை. துடைப்பத்தோடு போனவளை வாசலிலேயே நிறுத்தி, "இந்த வாரம் வேற ஆளு இருக்கு" என்றார்களாம். திரும்பி வந்து எங்கள் வாசலை இரண்டு தடவை கூட்டினாள்.

இரவு ஜெபத்தில் ஆசீர்வாதம் மாமாவின் பேரைச் சொல்லி, அவர் சர்க்கரை வியாதிக்காக, அவர் பிள்ளைகளுக்காக வேண்டினாள். நான் ஆமென் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "நீ சொல்லலன்னாலும் பரவால்ல" என்றாள்.

"எல்லாம் என்னாலதாம்மா."

"நீ நல்லதாக் குடுக்கணும்னு நெனச்ச. அதுல என்ன பாவம்?"

22 அக்டோபர், ஞாயிறு

கோயிலில் எங்கள் பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும்.

30 அக்டோபர், திங்கள்

அம்மா இப்போது சக்குபள்ளம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறாள். விடியுமுன் கூலியாட்களை ஏற்றும் ஜீப். இன்றும் ஆமென் சொல்லவில்லை.

11 நவம்பர், சனி

பள்ளிச் சிறப்பு வகுப்பு முடிந்து வந்தால் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளி. ஆறு செடியையும் வேரோடு தோண்டிப் போட்டிருக்கிறாள். காய் இருந்தது, பிஞ்சு இருந்தது, பூவும் இருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணுன, சொல்லும்மா" என்று கத்திவிட்டேன்.

"இந்த வாசம் வீட்டுல இருந்தா, வர்றவங்க சந்தேகப்படுறாங்களான்னு ஒவ்வொரு தடவையும் மூஞ்சியப் பாக்கணும் வினோ. என்னால முடியல."

முடியவில்லை என்று அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. மன்னிக்கிறாள், ஜெபிக்கிறாள், ஆனாலும் முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாலையில் அந்தக் குழிகளில் கப்பைக் கம்பு நட்டாள். நான் மண் தள்ளினேன்.

9 டிசம்பர், சனி

மூட்டை கிடைத்துவிட்டது. வண்டன்மேட்டு ஏலக்காய்க் குடோனில் வேறொருவருடைய மூட்டைகளோடு சேர்ந்து கிடந்ததாம். ஸ்டோரிலிருந்து ஏற்றிவிடும்போது பெயர்ச்சீட்டு மாறியிருக்கிறது. சீட்டுக் கட்டுவது ஆசீர்வாதம் மாமாவின் வேலை.

மாரித்தாய் அத்தை அவரைக் கடை முக்கில் நிறுத்தியே கேட்டுவிட்டாள். "நான் திருடின்னா சொன்னேன்? கேட்டேன், அவ்வளவுதான்" என்றாராம். "எங்க சாமியா இருந்தா கண்ணக் குத்தியிருக்கும், ஒங்க சாமி ரொம்பப் பொறுமைடி" என்று அத்தை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மாதான் அவளுக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள்.

10 டிசம்பர், ஞாயிறு

சபையில் அறிவிப்பு வரும் என்று காத்திருந்தேன். கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி, கேக், பாடல் பவனி. வேறு அறிவிப்பு இல்லை.

12 பிப்ரவரி 2024, திங்கள்

மறுபடி வேலைக்கு வரச் சொல்லி எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மா நன்றி சொல்லி அனுப்பிவிட்டு ஜீப்புக்குப் போனாள்.

13 அக்டோபர் 2024, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. விடியற்காலை அம்மா கப்பை பிடுங்கினாள். அந்த ஆறு குழியில் விளைந்தது. நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"கழுவித் தாரேன்மா. மண்ணா இருக்கு."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும். எந்த மண்ணுன்னு தெரியட்டும்."

கோயிலில் எல்லாரும் பச்சை ஏலக்காய்ப் பொட்டலம் வைத்திருந்தார்கள். எங்கத்த காய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆசீர்வாதம் மாமா எங்கள் கூடையைத் தூக்கியபோது மண் உதிர்ந்து அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. தட்டிவிடாமல், விலையும் கூறாமல் நின்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அவரைப் பார்க்காமல் இருக்க.

இரவு ஜெபத்தில் அவர் பேர் வந்தது. அம்மாவின் நகத்தில் இன்னும் மண் இருந்தது. ஆமென் என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.