நீலப் பையில் மாட்டு வாசனை

அன்பு மகள் ருதாய்ரோவுக்கு,

நீங்கள் அங்கே இருந்தால் நாங்களும் இங்கே இருக்கிறோம் என்று சொல்லித்தானே நம்மில் பேச்சைத் தொடங்குவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் முனாஷேயும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். அதற்கு மேல் அந்த வரியை நீட்ட எனக்கு இப்போது தைரியம் இல்லை. கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்து மத்தியான வெயிலில் எழுதுகிறேன். பள்ளிக்கூட டீச்சர் குன்றின்மேல் ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் இதைப் போனில் படம் பிடித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். படித்ததும் பதறாதே, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பதறிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். போன தடவை நீ கேட்டபோது சளி என்று சொன்னேன், அது பொய். மலேரியா மாத்திரை இரண்டு சுற்று கொடுத்துவிட்டார்கள், காய்ச்சல் போவதும் வருவதுமாக இருக்கிறது. பிடரியில் ஒரு கட்டி வந்தது, சிவந்து, தொட்டால் சுடும். இலந்தை முள் குத்தியது என்றாள், நானும் முள்தான் என்று விட்டுவிட்டேன். இலந்தைப் பழக் காலம் முழுக்க அவள் தினமும் காட்டோரம் போய்ப் பொறுக்கி வந்தாள், உனக்குத்தான் தெரியுமே, வேண்டாமென்றால் இன்னும் ஒரு மூட்டை கூடப் பொறுக்குவாள். இப்போது அடுப்பு முன்னால் களி கிண்டுகிற துடுப்பைக் கையில் பிடித்தபடியே பட்டப்பகலில் தூங்கிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை என்னைச் செத்துப்போன உன் மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நானும் ஏன் என்று குரல் கொடுத்தேன், வேறு என்ன செய்வேன்.

அந்தப் பையைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இந்தக் கடிதம் நகராது. மழைக்கு முன்னால் காட்டில், தூக்க வியாதி பரப்புகிற செட்சி ஈயை இழுத்துக் கொல்ல மருந்து தோய்த்து நாங்கள் நட்டு வைக்கும் நீலமும் கறுப்புமான துணித்திரைகளை மாற்றினோம். பழசை எரித்துவிட வேண்டும், அதுதான் சட்டம். எல்லாவற்றையும் எரித்தேன், ஒன்று மட்டும் கிழியாமல் நல்ல கெட்டியாக இருந்தது, மனசு வரவில்லை. மருந்து வெயிலில் போயிருக்கும், வெறும் துணிதானே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா அதில் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை தைத்தாள். அவ்வளவு அழகாகத் தைத்தாள். சந்தையில் எல்லோருக்கும் காட்டி, “ஊருக்கெல்லாம் நீலம் உடுத்தாதேன்னு சொல்லிட்டுத் திரியற மனுஷன், எனக்கு மட்டும் நீலம் கொண்டாந்திருக்காரு பாத்தீங்களா” என்று பெருமை பேசினாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பையை மாட்டுவதற்கு ஆணி அடித்தது நான்தான், கொட்டகையில், மாட்டின் மூச்சும் மூத்திரமும் போல மணக்கிற, ஈயை இழுக்கிற அந்தக் கவர்ச்சி மருந்துப் புட்டிகள் அடுக்கியிருக்கும் பலகைக்கு நேர் மேலே.

முப்பத்தொரு வருடம் அந்த ஈயின் பின்னால் நடந்தவன் நான். கறுப்புத் துணியைக் கழியில் கட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு காட்டில் நடப்போம், வந்து உட்காரும் ஈயை வலையில் பிடித்து எண்ணுவோம். மாட்டு வாசனை காற்றில் வந்தால் அது காற்றுக்கு எதிரே பறந்து வரும், கிட்டே வந்ததும் கண்ணால் தேடும், நீலத்தைக் கண்டால் திரும்பும், கறுப்பில் போய் உட்காரும். நிமிர்ந்து நடக்கிற மனிதனையும் மனித வாடையையும் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். அதுவும் நகர்வதன் பின்னால் கூட்டமாக வருவதில் பத்தில் எட்டு ஆண் ஈதான். பசிக்காக வருவதில்லை, பசித்த பெண் ஈ அங்கே ரத்தம் குடிக்க வரும், அதைப் பிடிக்கலாம் என்று காத்துக்கொண்டு வரும். இவ்வளவும் தெரிந்திருந்ததுதான் எனக்கு வினையாகப் போயிற்று. உன் அம்மா ஒருநாள் வந்து, “ஏங்க, வழி நெடுக ஈ எம் முதுகுலயே குந்திகிட்டு வருது, என்னன்னு பாருங்க” என்றாள். நான் சிரித்தேன். “அதெல்லாம் கல்யாணம் ஆகாத பயலுக, உன் பையை மாடுன்னு நெனச்சு பொண்ணு பாக்க வந்திருக்கானுக, போ” என்றேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். மறுநாளும் போனாள். ஆணோ பெண்ணோ, குனிந்து பழம் பொறுக்குகிற முதுகு, அதில் நீலம், அதில் கறுப்பு, அதில் மாட்டு வாசனை என்றால் கடிக்காமல் போகுமா. அதை யோசிக்க எனக்கு யாராவது சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் போல.

வாசனை எனக்குத் தெரியவே இல்லை ருதாய்ரோ. என் மூக்கு அந்த மருந்தில் ஊறிச் செத்துப்போய் எத்தனையோ வருடம். என்னோடு வேலை பார்த்த கரிகோகா ஞாபகமிருக்கிறதா, ஓய்வு பெற்று மலைமேல் மகள் வீட்டுக்குப் போனவன், திங்கட்கிழமை நலம் விசாரிக்க வந்தான். உன் அம்மா தலைக்கு அந்தப் பையை மடித்து வைத்துப் படுத்திருந்தாள். வாசலில் நின்றவன் மூக்கைச் சுளித்து, “என்ன சிங்கமே, வீட்டுக்குள்ள மாட்டைக் கட்டி வச்சிருக்கியா” என்றான், நம் குலப் பெயரைச் சொல்லித்தான் எப்போதும் கேலி பண்ணுவான். நம் வீட்டில் ஏது மாடு. அவன் குனிந்து பையை முகர்ந்தான், பிறகு என்னைப் பார்த்தான். அப்போதுதான் கொட்டகையில் நான் அடித்த ஆணியும் அதன் கீழே இருக்கும் புட்டிகளும் எனக்கு ஞாபகம் வந்தன.

கரிகோகாவும் நானும் தள்ளுவண்டியில் வைத்து அவளை இங்கே கொண்டுவந்தோம். நர்ஸ் சின்னப் பெண், “ஐயா, இந்தப் பள்ளத்தாக்குல காய்ச்சல்னாலே மலேரியாதான், மூணாவது மாத்திரை எழுதறேன்” என்றாள். இது ஈக் காய்ச்சல், ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார் என்றேன். “அப்படி எப்படிச் சொல்றீங்க, அவங்க என்ன காட்டுக்குள்ள வேலையா பாக்கறாங்க” என்று கேட்டாள். வரிசையில் இருபது பேர் இருந்தார்கள், அதில் ஃபராய் அம்மா இருந்தாள். போன வருடம் மகனுக்குக் கால்சட்டை தைக்கத் திரைத் துணியை வெட்டினாள் என்று நான்தான் அவளை ஊர்த் தலைவர் முன்னால் நிறுத்தினேன், ஒரு ஆட்டைக் கொடுத்துவிட்டு எல்லார் முன்னாலும் நம் வழக்கப்படி கைதட்டி மன்னிப்புக் கேட்டுப் போனவள். அவள் முன்னாலேயே சொன்னேன், அந்தத் துணியை என் பெண்டாட்டிக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் எழுந்து தன் இடத்தை விட்டுக்கொடுத்து, “மொதல்ல ருதாய்ரோ அம்மாவைப் பாருங்க சிஸ்டர், இவரை நாங்க அப்புறமா பாத்துக்கறோம்” என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கிறது. நர்ஸ் என்னையும் பார்க்கச் சொன்னாள், சிவப்பு அணுக்களுக்கு நடுவில் நெளிகிறது. ஈயின் வயிற்றில் எத்தனையோ தடவை பார்த்ததுதான், உன் அம்மாவின் ரத்தத்தில் பார்க்க முடியவில்லை. நாளை வண்டி வருகிறது, வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வோம், மருந்து அங்கேதான். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்களாம், தலைக்கு ஏறிவிட்டதா என்று அதில் தெரியும். ஏறாவிட்டால் பிழைப்பது சுலபம் என்கிறார்கள். ஏறியிருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்கே தெரியும். பையை எரித்துவிட்டேன். அவளிடம் ஆடு மென்றுவிட்டது என்று சொன்னேன். “போனாப் போகுது, அடுத்த தடவை துணி மாத்தும்போது இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க, பெரிசாத் தைக்கறேன்” என்கிறாள். ஊருக்கே சொல்லியாயிற்று, அவளிடம் மட்டும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. என்னைத் திட்டுவதற்கு அவளுக்குத் தெம்பு வரட்டும், அன்றைக்கு நானே சொல்கிறேன், பயமாக இருந்தாலும் சொல்கிறேன்.

நீ வேலையை விட்டு ஓடி வராதே, உன்னை நம்பி அங்கே படுத்திருக்கும் வயசானவர்களை விட்டுவிட்டு வராதே. நேரத்துக்குச் சாப்பிடு, பையனுக்குக் காதை மூடிக் குல்லா போடு. நம் முன்னோர்களும் ஆண்டவரும் உங்கள் வீட்டை விட்டு அகலாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய், நகரத்தில் சிக்னல் இருக்கும், அவளிடம் கொடுக்கிறேன். அவளைப் பேசவிடு, நீ உன் பெயரையும் சொல்லாதே, பையன் பெயரையும் சொல்லாதே. அவள் ஒரு வார்த்தை தடுமாறினாலும் வெறும் காய்ச்சலா, தலைக்கு ஏறியதா என்று என் காதால் பிரிக்க முடியவில்லை. உன்னையும் முனாஷேயையும் அவளாகப் பெயர் சொல்லி அழைக்கிறாளா என்று கேட்டு எனக்குச் சொல். அழைக்காவிட்டாலும் அதை அப்படியே சொல், நான் உன்னிடம் சொன்னதைப் போலச் சளி என்று சொல்லிவிடாதே.

உன் அப்பா,
டவெங்வா