மாவான குரல்

மார்ச் 4

கால் வலி பரவாயில்லை. எட்டரைக்கே பல்கலைக்கழகத்தின் உதவி அறையைத் திறந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மேசையும், நான் தட்டச்சு செய்யும் புத்தகங்களைக் கணினி வாசிக்கக் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகள் மூவரும் எனக்கு வாய்த்திருக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

அவர்களில் ஜூராதான் கவலை. குளிர்காலத் தேர்வில் கிர்கிஸ் மொழித்தாளில் எழுத்துப்பிழைக்காகவே தோற்றாள். ஏப்ரல் 24 மறுதேர்வு. அதிலும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். சொந்த ஊரான நாரினுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். இவ்வளவு படிக்கிற பெண்ணுக்கு ஏன் இத்தனை பிழை?

மார்ச் 11

ஏன் என்று தெரிந்துவிட்டது. எழுதவே கை கூசுகிறது.

இதுவரை எங்கள் கணினியில் வாசிக்க ரஷ்யக் குரல்தான் இருந்தது. ரஷ்ய மொழியில் இல்லாத எங்கள் கிர்கிஸ் எழுத்துகள் மூன்றை அது அப்படியே விழுங்கிவிடும். அதனால் அவற்றுக்குப் பக்கத்து ரஷ்ய எழுத்துகளைப் போட்டே எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். போனில் எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறோம்! கண்ணால் படிப்பவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்வார்கள்.

இன்று கணினிப் பையன் மிர்லான் கிர்கிஸ் குரலை நிறுவினான். நாட்டுப்பாடல் தொகுப்பைத் திறந்தோம். தெளிவான பெண்குரல் வாசித்தது: "பாடகனின் மாவு பள்ளத்தாக்கை நிறைத்தது."

"பாடகனா, ரொட்டிக் கடைக்காரனா?" என்றான் மிர்லான்.

குரலுக்கும் மாவுக்கும் எங்கள் மொழியில் ஒரே எழுத்துதான் வேறுபாடு. எல்லாரையும்விட ஜூராதான் அதிகம் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"டீச்சரக்கா, நானும் மாவுன்னுதானே எழுதறேன்?"

அவள் படித்தது பார்வையற்றோருக்கான ரஷ்யப் பள்ளி. தாய்மொழியை எழுத்தாக அவள் அறிந்ததெல்லாம் என் கோப்புகளிலிருந்து மட்டும்.

மார்ச் 12

நான்தான். வேற யாரும் இல்ல. முப்பத்தாறு வருஷம் இதே பிழைக்கு அரை மதிப்பெண் வெட்டினவ நான்.

மார்ச் 14

துறைத்தலைவி கல்யிபாவிடம் போய்ச் சொன்னேன். கோட்டில் ஒரு பொத்தான் இல்லையென்றால் பார்ப்பவர்கள் கண்ணாலேயே தைத்துக்கொள்வார்கள், தொட்டு அறிகிறவளுக்கு அங்கே ஓட்டைதான் என்று விளக்கினேன்.

"உதாரணமெல்லாம் இருக்கட்டும் சைரகான் அக்கா. போட்ட மார்க்கை மாத்த முடியாது. மறுதேர்வுக்கு அந்தப் புதுக் குரலோட கணினி வெச்சுக்கட்டும். நான் கையெழுத்துப் போடறேன்." பிறகு தன் போனை எடுத்து, எனக்கு அனுப்பிய பழைய செய்திகளைப் பார்த்தார். "நானும் ஒரு எழுத்தைக்கூட ஒழுங்கா போடல, பாருங்க."

அந்த ஒரு வரிக்காக அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

மார்ச் 17

மூன்று நாளாக ஜூரா வரவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு.

மார்ச் 18

"ஒரே தட்டுல எல்லா மாவையும் குரலா மாத்திடலாம்" என்று மிர்லான் கணினியை ஏவினான். கல்யாணப் பாட்டில் அத்தை குரலைச் சலித்து, அதில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள்! சரியான மாவும் இருக்கிறதே. ஒவ்வொரு சொல்லாகத்தான் பார்க்க வேண்டும். 312 பக்கம்.

மார்ச் 19

ஜூரா வந்துவிட்டாள். துணியில் கட்டி, சூடாகப் போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள்.

"சாப்பிடுங்க டீச்சரக்கா. நல்ல குரல்ல பொரிச்சது."

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "கோபம் வந்துச்சுதான்" என்றாள். "அப்புறம் யோசிச்சேன். நீங்க தட்டாட்டி எனக்குப் படிக்க ஒண்ணுமே இருந்திருக்காது. சரி, அந்த மூணு எழுத்தும் எங்க இருக்கு, என் விரலைப் பிடிச்சு வைங்க."

வலது கட்டைவிரல் ஓரத்து விசையில், இன்னொரு விரல் எழுத்தில். இரண்டும் சேர வேண்டும். நூறு முறை அழுத்தினாள்.

மார்ச் 27

காலையில் வீட்டில் வேலை. என் கணவர் கெரிம்பெக் அச்சுப் புத்தகத்தை உரக்க வாசிக்கிறார், நான் திருத்துகிறேன். பாட்டு வந்தால் பாடியே தீருவேன் என்கிறார். "பாடாம வாசிங்க!" என்றால், "பாட்டை வாசிக்கச் சொல்றவ நீ ஒருத்திதான்" என்கிறார். 140ஆம் பக்கம்.

ஏப்ரல் 9

312. முடிந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 16

இன்று நான் சொல்லச் சொல்ல ஜூரா எழுதினாள். இரண்டு பக்கத்தில் ஏழு பிழை. போன வாரம் முப்பது.

ஏப்ரல் 24

தேர்வு. நான் வராந்தாவில் நின்றேன். கதவிடுக்கில் அந்த இயந்திரப் பெண்குரல் மட்டும் கேட்டது. என் தவறை முகத்துக்கு நேரே சொன்ன குரல். நல்லா இரும்மா.

ஏப்ரல் 26

ஐந்துக்கு நான்கு!

கல்யிபா போனில் சொன்னார். உடனே ஜூராவின் செய்தியும் வந்தது: "தேறிட்டேன் டீச்சரக்கா. அம்மா நாரின்ல பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க." பழக்கதோஷத்தில் பிழை தேடினேன். மூன்று எழுத்துகளும் அதனதன் இடத்தில் இருந்தன.

கண்ணீர் மறைத்தது. அவசரமாகப் பதில் தட்டினேன்: "உன் குரலைக் கேட்கணும் போலிருக்கு, கூப்பிடு."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"மறுபடியும் மாவு. அரை மார்க் வெட்டியாச்சு. திருத்தி அனுப்புங்க, அப்புறம்தான் கூப்பிடுவேன்."

கட்டைவிரலால் அந்த எழுத்தைத் தேடி, திருத்தி அனுப்பினேன். போன் அடித்தது.