அக்கா மகள்

தூஸ்ஜே, ரஜப் 9

என் கண்ணு குப்ஸேவுக்கு,

நான் சொல்லச் சொல்ல நம்ம ஊர் இமாம் எழுதுறார். அரண்மனையில உன்னை மெஹ்வெஷ்னு கூப்பிடுறாங்களாம், என் வாயில அது நுழையல. சுகமா இருக்கியா? இங்க சோளம் பொய்ச்சுப் போச்சு. என் மக தனெஃபுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. கேட்டு வர்றவன் எல்லாம் ஒத்தை மாட்டுக்காரன். பாதுஷா பொண்டாட்டி நீ. ஒரு வார்த்தை சொன்னா அவளை அங்க எடுத்துக்க மாட்டாங்களா? அம்மா உன்னை அனுப்பினா, என்னை அனுப்பல. அதை நான் ஒரு நாளும் குறையாச் சொன்னதில்ல.

உன் அக்கா நஃப்செத்

இஸ்தான்புல், ஷாபான் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் மட்டும் விடவில்லை. உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். தனெஃபை ஊரிலேயே கட்டிக் கொடு. ஒற்றை மாட்டுக்காரனாக இருந்தாலும் சாயங்காலம் வீடு திரும்புவான். இங்கே இடமில்லை. அந்தப்புரக் காவல் தலைவரான ஆகா படித்த பிறகே கடிதங்கள் வெளியே போகும். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் தங்கை

தூஸ்ஜே, ஷாபான் 27

குப்ஸே,

நானூறு பேர் இருக்கிற வீட்டுல ஒரு பொண்ணுக்கு இடமில்லையா? நீ ஏறினதும் ஏணியை இழுத்துக்கிட்டே. "இதை எழுத மாட்டேன்மா"ங்கிறார் இமாம். "எழுதுங்க, அவ என் தங்கச்சிதான்"னேன். சால்வை நல்லா இருக்கு. சால்வையைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா?

நஃப்செத்

இஸ்தான்புல், ரமலான் 11

அக்கா,

எங்களுக்குக் காபி பரிமாறுகிறவள் ஒன்பது வருட வேலை முடிந்து, விடுதலை பெற்று உங்கள் பக்கம் போகிறாள். இதை அவள் மடியில் மறைத்துக் கொண்டுவருகிறாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

என் மகன் நான்கு வயதில் தொண்டை அடைப்பான் கண்டு போனான். உனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு பதினோரு வருடமாகப் பாதுஷா என் வாசல் மிதிக்கவில்லை. பெருநாளன்று எங்களை வரிசையாக நிறுத்துவார்கள். போன பெருநாளில் என் எதிரே நின்று, "என்ன நெவ்ரெஸ், சுகமா இருக்கியா?" என்றார். நெவ்ரெஸ் எனக்குப் பக்கத்தில் நின்றவள். "சுகம்தான் எஜமானே" என்றேன். வேறென்ன சொல்வது?

ஏழு வருடம் மனுப் போட்டு, வெளியேற அனுமதி வந்துவிட்டது. பெருநாள் முடிந்ததும் உன்னிடம் வருகிறேன். மூலையில் ஒரு படுக்கை போதும் அக்கா. ரொம்பக் களைத்துவிட்டேன்.

உன் தங்கை

தூஸ்ஜே, ரமலான் 26

குப்ஸே,

காபிக்காரம்மா வந்தா. இமாம் பாதி படிச்சு நிறுத்தி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு மீதியைப் படிச்சார். நீ இடமில்லைன்னு எழுதின ஆத்திரத்துல, அரண்மனை வேலைக்குப் பொண்ணு எடுக்க வந்த ஒரு அம்மாகிட்ட தனெஃபைக் கொடுத்துட்டேன். பன்னெண்டு நாளாச்சு. "அங்க சின்னம்மா இருக்கா, போடி"ன்னுதான் வண்டி ஏத்தினேன். அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடு. உன் கால்ல விழறேன்.

நஃப்செத்

இஸ்தான்புல், ஷவ்வால் 19

அக்கா,

இதையும் வெளியே போகும் ஒருத்தியின் மடியில் மறைத்தே அனுப்புகிறேன். தனெஃபைச் சலவை அறையில் கண்டுபிடித்தேன். பெயரை அதற்குள் மாற்றிவிட்டார்கள். மூக்கைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. நம் அம்மாவின் மூக்கு.

வீட்டுக்கு அனுப்பக் கேட்டேன். "ஒன்பது வருஷம் வேலை செஞ்சாத்தான் விடுதலை, தெரியாதா உங்களுக்கு?" என்றாள் பணிப்பெண்களின் தலைவி. "உங்க அறை வேலைக்கு வேணா எடுத்துக்குங்க. ஆனா நீங்கதான் போறீங்களே?"

"போகவில்லை" என்றேன். அனுமதிக் காகிதத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது என் முன்னறையில் இருக்கிறாள். அவளுக்குச் சாம்பல் நிற உடைதான் கொடுக்கிறேன். பெருநாள் வரிசைக்கோ, பாட்டு நடக்கும் கூடத்துக்கோ அனுப்பமாட்டேன். பாதுஷா கண்ணில் பட்டுவிட்டால் ஒன்பது வருடத்திலும் விடமாட்டார்கள். "சின்னம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? ஏன் என்னைப் பூட்டி வெக்கிறீங்க?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள். உன்னைப் போலவே வாய். வைதுகொண்டிருக்கட்டும்.

ஒன்பது வருடம் கழித்து, உயிரோடிருந்தால், வாசல் வரை கொண்டுவந்து விடுவேன். நீ வந்து கூட்டிப் போ. உன் மேல் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

இனி அவளுக்கே எழுது. எழுத்துக் கற்றுக்கொடுக்கிறேன், அழுதுகொண்டாவது படிப்பாள். எனக்கு எழுத வேண்டாம் அக்கா.

உன் தங்கை