ஜீப்பை விட்டு இறங்காமல்

அன்புள்ள புஷ்பம்,

உன் மூட்டுவலி குறைந்ததா? மஸ்கெலியாவில் மழை விட்டதா? கொழும்பில் நான் சுகமே.

நேற்று சுற்றுலாக் கம்பெனியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பயணத்திட்டம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் போட்ட நேரசூசி மாதிரி, காட்டில் ஜீப்பில் இருந்தபடியே சிறுத்தை பார்த்த மறுநாள் ஓய்வு, பிறகு கண்டி, கடைசியில் நம் தேயிலை மலை. முதலாளி வந்து, "மாஸ்டர், கொழுந்து எடுக்கிறவங்களையும் ஜீப்ப விட்டு எறங்காம பாக்க முடியுமான்னு கேக்குறாங்க" என்றார்.

திகைத்துப்போனேன். கூடையோடு நிற்கும் உன் தங்கைதான் கண்ணில் வந்தாள்.

"எறங்கி, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும் சார்" என்று சொல்லி, திட்டத்தில் ஞாயிறு பூசைக்குப் பிறகு நம் வீட்டையே போட்டுவிட்டேன். கோபிக்காதே. தங்கையையும் கூப்பிடு. அவர்கள் ஊர், பிள்ளைகள் பற்றி விசாரித்தால் நீங்களும் விசாரியுங்கள். படம் எடுத்தால் நீங்களும் எடுங்கள்.

மறுநாள் கொழும்புக்கு என்னிடம்தான் திரும்பி வருகிறார்கள். உன் ரொட்டி இரண்டு எனக்காக அவர்களிடம் கட்டிக் கொடு. முதலாளி கூப்பிடுகிறார்.

உன் அந்தோனி