வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

காலையிலிருந்து தார் வாசனை. சன்னலைச் சாத்தினாலும் அடுப்படிவரை வந்து நிற்கிறது. நம் நகருக்குச் சாலை போடுகிறார்களடி. வாய்க்கால்மேல் பாலம் போன மாதமே முடிந்துவிட்டது. பெரிய ரோட்டிலிருந்து பாலம்வரை தார் ஊற்றிவிட்டு, இன்று நம் தெருவுக்குள் வந்திருக்கிறார்கள்.

வில்லியனூரைத் தாண்டி, நெல் விளைந்த நிலத்தில் மனை பிரித்தபோது பக்கத்துப் பக்கத்து மனை வாங்கியவர்கள் நாம். வீடு கட்ட அரசாங்கம் பணம் கொடுத்தது. வீடுகளும் மளமளவென்று எழும்பின. வீட்டுக்குப் போக வழிதான் இல்லை. வாய்க்காலின் குறுக்கே கிடந்த பனைமரத்தில் கால் வைத்து, தலையில் செங்கல்லோடு கடந்தாய் நீ. "வூடு கட்ட துட்டு குடுத்தீங்க, வூட்டுக்குப் போவ வழி குடுக்கல. நாங்க இன்னா பறந்தா போறது?" என்று ஆபீசில் சத்தமாகக் கேட்டவளும் நீதான். எனக்கு உன் முந்தானையைப் பிடித்து இழுப்பதே வேலை.

பாலத்துக்கு நிதி வரும், வரும் என்று காத்திருந்து அலுத்துப்போய்த்தான் அந்தக் காரியத்தைச் செய்தோம். தெருவே சேர்ந்து சிமெண்ட் குழாய்களை வாய்க்காலில் இறக்கி, மேலே மண்ணைக் கொட்டி வழி பண்ணினோம். நீ கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தாய். அங்கேயே பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம். அரசாங்கத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது நமக்கு.

பாலத்துக்கு அளக்க வந்த பொறியாளர் அந்த மண் வழியிலேயே பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தார். "அதான் வழி இருக்கேம்மா. ஒண்ணுமே இல்லாத நகருக்குத்தான் முதல்ல குடுப்பாங்க," என்றார். உன் முகம் சுண்டிப்போனது.

"சும்மா இருந்திருந்தா குடுத்திருப்பான்டி. நாமளே கெடுத்துக்கினோம்," என்றாய்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் பெருகி, குழாயோடு மண்ணையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து உனக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்காரவைத்து, உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் நானும் மார்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் என் கையைப் பிடித்து, "கீழ போட்டுடாதடி," என்றாய். போடவில்லை. ஆனால் கரை ஏறியபோது நீ இல்லை.

அதற்கப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. உன் சாவு பேப்பரில் வந்தது. நிதி ஒதுக்கினார்கள். திறப்பு விழாவில் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஒரு உயிர் போனால்தான் கண் தெரியும் என்றால், அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். உன்னைத் தூக்கிய கனம் என் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. துணி அலசக் குனிந்தாலும் தெரிகிறது.

நேற்று எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. தாயும் பிள்ளையும் நலமாம். தெருவே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் அந்த வண்டி போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாலத்தில் ஏறும்போது அது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லையடி.