வாக்கியம் முடிகிற இடம்

நீர் காது கொடுத்துத் தேர்ந்தெடுத்த அந்த ஸ்பீக்கர் ஜோடி இன்று காலை பழுது பார்த்து வீட்டுக்கு வந்தது. உள்ளே அடிச்சத்தம் தருகிற பெரிய வட்டமான ஊஃபரைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் பொடிந்து உதிர்ந்ததால் பல வருஷமாகப் பரணில் கிடந்தது. புது வளையம் ஒட்டியிருக்கிறார்கள், பசை வாசனை இன்னும் போகவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் உள்ளே இருந்த தூசி சூடாகி இன்னொரு வாசனை கிளம்பியது.  இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வாசனை எனக்குப் பயம்தான்.

எழுபதுகளின் நடுவில் துபாயில், தேராப் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். ஒரே கம்பெனி, நான் கணக்குப் பிரிவு, நீர் டிராஃப்ட்ஸ்மேன். இருவரும் திருநெல்வேலிக்காரர்கள் என்பதால் முதல் நாளே 'வே' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டோம். மற்றவர்கள் தங்கக் கடைப் பக்கம் போனால் நீர் ரேடியோ கடைகளில் போய் நிற்பீர். கடைக்காரர் தன் டேப்பைப் போட்டு அறை அதிர இடி முழங்க வைப்பார். நீர் அசைய மாட்டீர்.

"அவன் போடுத டேப்ப நம்பாதேயும் வே. நமக்குப் பழகின குரலப் போட்டுப் பாக்கணும். ஆளு முன்னால உக்காந்து பேசுத மாதிரி இருந்தா அதான் ஸ்பீக்கர்."

அதற்காகவே என் மனைவி வடிவின் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னீர். கல்யாணமாகி மூன்றாம் மாதமே நான் விமானம் ஏறியவன். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். கடையில் நாலு பேர் முன்னால் வடிவு "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்ல, நான் வெட்கத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஜோடியாகத் தள்ளிக்கொண்டே போனீர். ஒன்றில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது என்றீர், இன்னொன்றில் பானைக்குள்ளிருந்து பேசுகிறாள் என்றீர். கடைசியில் இந்தச் சின்ன ஜோடியில் கண்ணைத் திறந்தீர்.

அலமாரியில் வைக்கிற அளவு என்பதால் அதற்குப் பெயர் புத்தக அலமாரி ஸ்பீக்கர், புத்தகமே இல்லாத எங்கள் அறைக்கு! ஊருக்குப் போகும்போது கொண்டுபோக வைத்திருந்த இரண்டு பெட்டிகளின் மேல் துண்டை மடித்துப் போட்டு வைத்தோம். சுவரை ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் வீங்கும் என்று ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்தீர். ஏசி இரைச்சல் கலக்கக் கூடாது, கேட்கும்போது அதை அணைத்தாக வேண்டும் என்பது உம் சட்டம். அந்த வெயிலில்! சாகடிக்கிறீரே என்று நான் கத்தாத வெள்ளிக்கிழமை லீவு கிடையாது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வடிவின் புதுக் கேசட் வந்தது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஆம்ப்ளிஃபயர் சூடாகித் தூசி வாசனை கிளம்பியதும் கேசட்டைப் போட்டேன். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கரகரப்பு.

"ஸ்பீக்கர்ல ட்வீட்டர் போச்சு வே. உம்ம காதும் உம்ம ஸ்பீக்கரும்!" என்று எரிந்து விழுந்தேன்.

நீர் எழுந்து போய் ஒயரை இடம் வலமாக மாற்றினீர். இரண்டிலும் அதே கரகரப்பு. உம் கேசட்டைப் போட்டீர், உம் அப்பா நிலத்து விவகாரம் பேசினார், சுத்தமாக இருந்தது. டேப் ஹெட்டைத் துடைத்துவிட்டு வடிவின் பழைய கேசட்டைப் போட்டீர். அதுவும் சுத்தம். பிறகு மறுபடி புதுசு. "நான் நல்லா இருக்கேன்..." கரகரப்பு. "அத்தையும் நல்லா இருக்காங்க..." கரகரப்பு.

வாழ்க்கையில் எத்தனையோ வேண்டியிருக்கிறேன். புதிதாக வாங்கிய ஒரு பொருள் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்று மட்டும்தான். நீர் கேசட் டெக்கை நிறுத்தினீர்.

"ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல வே. தங்கச்சிக்கு மூச்சு எரைக்கி."

ஏழு மாதக்காரிக்கு மூச்சு வாங்காதா என்று வாதாடினேன். "உக்காந்து பேசும்போதே எரைக்கே?" என்று கேட்டீர்.  பாஸ்போர்ட் கம்பெனியிடம். லீவுக்கு இன்னும் ஒரு வருஷம். மேனேஜரிடம் போனால் அரபியில் 'மாஃபி', கிடையாது, என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். எங்கள் தெருவிலேயே போன் கிடையாது.

உம் அக்கா ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அங்கே போன் உண்டு. என்னைக் கையைப் பிடித்து டெலிபோன் ஆபீசுக்கு இழுத்துப் போனீர். டிரங்க் கால் கிடைக்கும்வரை அந்த பெஞ்சில் நான் அழுததை நீர் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. லைனில் நீர்தான் கத்தினீர்: "யக்கா, வீட்டுல என்ன சொன்னாலும் கேக்காத. நீ போயி அவ நெஞ்சில காது வச்சுப் பாரு!"

மறு வெள்ளிக்கிழமை மறுபடி டிரங்க் கால் போட்டுப் பதில் தெரியும்வரை நான் அந்த ஸ்பீக்கர் மேல் போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்ததாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக அக்கா சொன்னார். பிரசவம்வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் தந்திக்காரனைக் கனவில் கண்டுகொண்டே இருந்தேன்.

வெளிநாட்டில் இருப்பவனைப் பதற வைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்திருந்தார்களாம். இருமல் வந்தால் டேப்பை நிறுத்திவிட்டு அப்புறம் பேசுவாளாம் வடிவு. "மூச்சுக்கு எங்கங்க நிப்பாட்டுறது?" என்று பிறகு என்னிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து என் காது கெட்டுப்போனது. யார் 'நல்லா இருக்கேன்' என்றாலும் சொல்லைக் கேட்பதில்லை, சொல் முடிகிற இடத்தைத்தான் கேட்கிறேன். மகளிடம் போனில் பேசினாலும் அதேதான். "போலீஸ்காரன் மாதிரி கேக்காதீங்கப்பா" என்கிறாள். நீர் தோஹாவுக்கு மாறி அங்கே நஜ்மா என்கிற பகுதியில் வீடு பார்த்துப் போன பிறகும், ஊரோடு வந்து சேர்ந்த பிறகும், உம் மூச்சையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் கடைசியாகப் பேசியபோதும் கேட்டேன். ஒரு குறையும் இல்லை வே. இரண்டாம் நாள் காலையில் உம் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டீர் என்றான். அப்படியென்றால் நான் இத்தனை வருஷம் என்னத்தைக் கேட்டேன்?

ஸ்பீக்கரைச் சோதிக்கப் பழகின குரல் வேண்டும். நீர் நஜ்மாவிலிருந்து அனுப்பிய கேசட் ஒன்றுதான் கையில் இருந்தது. போடப் பயமாக இருந்தது. அன்றைக்கே உம் குரலில் ஏதாவது இருந்து, நான் கோட்டை விட்டிருந்தால்? பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். வடிவு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவளே அமுக்கினாள்.

"என்ன வே, கேக்கா?" என்றீர், முன்னால் உட்கார்ந்து.

"கேக்கு அண்ணாச்சி" என்றாள் அவள்.

நான் உம்மைக் கேட்கவில்லை. அவள் சொல் முடிந்த இடத்தைக் கேட்டேன். கரகரப்பு இல்லை வே. இன்றைக்குக் கரகரப்பு இல்லை.