எந்தக் கடல் என்று நீ கேட்கவில்லை

பலெர்மோ,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கிருபனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், சாம்பவி அக்கா, அத்தான், பேத்தி கிருசாந்தினி எல்லோரும் சுகம். நீ முதலில் கேட்கப்போகும் என் முழங்காலும் சுகம். ரொறன்ரோவில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். மூன்று நாளில் பதினொரு தரம் நீ போன் எடுத்தும் நான் தூக்கவில்லை. போன் பழுதில்லை, எனக்குக் காதும் அடைக்கவில்லை. போனில் நீ கதைப்பாய், நான் ஓம் ஓம் என்பேன், கடைசியில் பார்த்தால் எதற்கோ சம்மதித்திருப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே வரமுடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள் நான், எழுத்து விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்லாதே.

போனுக்குப் போன் சுற்றுகிற வீடியோவில் நீ கண்ட கிழவி, கிரேக்க நாட்டில் இடிந்த கோயிலுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றவள், நான்தான். சிஞ்ஞோராவோடு பத்து நாள் கடலோரம் இருக்கப்போகிறேன் என்று உனக்குச் சொன்னேன், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எந்தக் கடல் என்று நீ கேட்கவில்லை. இங்கே பொலிதேயாமாப் பக்கம் பத்தொன்பது வருசம் நான் வேலைக்குப் போன வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா ரொசாலியாவை உனக்குத் தெரியும்தானே, அவருடைய மனுசன் விட்டுப்போன காம்பர் ஒன்று சும்மா நின்றது, படுக்கையும் அடுப்பும் கக்கூசும் உள்ளேயே இருக்கிற வான். சிஞ்ஞோரா தன் பிள்ளைகளிடம் நாகபூசணிக்கு, அதாவது எனக்கு, ஓய்வு வேண்டுமாம் என்றார், நான் உன்னிடம் சிஞ்ஞோராவுக்கு ஓய்வு வேண்டுமாம் என்றேன். ஓட்டினது கிருசாந்தினி. வெளிக்கிடமுன் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தேன், இது என்னத்துக்கு என்று சிஞ்ஞோரா கேட்க, இன்சூரன்ஸ் என்று சொல்லிவிட்டாள் உன் அக்கா மகள். பாரித் துறைமுகத்தில் வானோடு கப்பலேறி அடுத்த நாள் மத்தியானம் கிரேக்கத்தில் இறங்கினோம். பிறகு காலையில் இடிபாடு, பின்னேரம் கடல், இதுதான் எங்கள் உத்தியோகம். எண்பது வயதுச் சிஞ்ஞோரா நீச்சல் உடுப்போடு இறங்குவார், நான் வீட்டில் போடுகிற சோட்டியோடு இடுப்பளவில் நிற்பேன். நான் அவித்த புட்டை அவர் சீஸ் துருவிப் போட்டுச் சாப்பிட்டார், பார்க்கத்தான் ஒரு மாதிரி, சாப்பிட்டால் குற்றமில்லை.

இனி அந்த வீடியோ. கொரிந்துப் பக்கத்தில் ஒரு கோயில், தூண் மட்டும் நிற்கிறது, கூரையும் இல்லை சாமியும் இல்லை. இல்லாவிட்டாலும் கோயில் கோயில்தானே, படியடியில் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு ஏறினேன். சிஞ்ஞோராவும் கழற்றினார். எங்களுக்குப் பின்னால் வந்த ஜெர்மன்காரர் பதினாறு பேர் எங்கள் இரண்டு சோடிச் செருப்பையும் பார்த்துவிட்டு இது இங்கத்தைச் சட்டம் என்று நினைத்து, ஒருவர் பின்னால் ஒருவராய் சப்பாத்து, சொக்ஸ் எல்லாம் கழற்றி வரிசையாய் அடுக்கிவிட்டார்கள். ஆவணி வெயிலில் கல் தோசைக்கல். அவர்கள் துள்ளத் தொடங்க, காவலுக்கு நின்ற பெண்பிள்ளை விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தாள். யார் கழற்றச் சொன்னது என்று கேட்டாளாம், பதினாறு கையும் என்னை நோக்கித்தான் நீண்டது. நான் பயப்படவில்லை தம்பி, எங்கடை ஊரில் இப்படித்தான் என்று கிருசாந்தினியைக் கொண்டு இங்கிலீசில் சொல்லுவித்தேன். காவல்காரப் பிள்ளை என் காலைப் பார்த்தாள், பிறகு நிழல் இருந்த பக்கத்தைக் கையால் காட்டி, இதாலை சுத்தி வாங்கோ என்றாளாம். நான் மூன்று தரம் சுற்றினேன். கால் சுட்டதா என்று கேட்காதே, சுட்டது.

அடுத்த நாள் எபிடவுரோஸ் என்ற இடத்தில் பழங்காலக் கூத்து அரங்கு ஒன்று, ஐம்பத்தைந்து வரிசைப் படி. அதில் இருபத்து மூன்று நான் ஏறினேன், இதை எழுதி வைத்துக்கொள். நடுவில் நின்று மெல்லச் சொன்னாலும் உச்சிப்படியில் கேட்கும் என்றார்கள். உச்சிக்குக் கிருசாந்தினியை ஏற்றிவிட்டு, நான் இறங்கி வந்து நடுவில் நின்று, கிருபன், அம்மா கனடாவுக்கு இருக்க வரமாட்டன் என்று சொல்லிப் பழகினேன். அம்மம்மா, நல்லாய்க் கேக்குது, ஆனால் மாமா கேக்காத மாதிரி இருப்பார், இன்னொருக்கால் சொல்லுங்கோ என்று அவள் மேலிருந்து கத்தினாள். அதனால் இரண்டாம் தரம் இங்கே எழுதுகிறேன்.

கோபியாதே ராசா. அப்பா செத்தபோது உனக்கு அங்கே இன்னும் விசா கிடைக்காததால் வர முடியவில்லை, செத்தவீட்டைப் போனிலேதான் பார்த்தாய். அந்தப் பயத்தில்தான் மாசியில் நான் படியில் சறுக்கின உடனேயே என்னைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற விண்ணப்பத்தை அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் போன மாரியில் ஆறு கிழமை உன் வீட்டில் இருந்தபோது நான் வாசல் தாண்டினது குப்பை வைக்க மட்டும்தான். இங்கே விழுந்தால் தூக்கிவிட ஒரு தெருவே இருக்கிறது, மாசியில் தூக்கினது மீன்காரன்.

நீ பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு கையெழுத்து வைப்போம் என்றுதான் விண்ணப்பத்தைக் கொண்டுபோனேன். வானுக்குள் மேசை ஒரு காலில் ஆட்டம். சிஞ்ஞோரா சீட்டாட்டத்தில் தோற்கும்போதெல்லாம் மேசைதான் குற்றம் என்பார். நல்ல தடித்த கடதாசி, நாலாய் மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு ஆட்டமும் இல்லை, சிஞ்ஞோரா வென்றதும் இல்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, வான் இங்கே பிரான்காச்சோப் பக்கம் ஒரு கராஜ் வாசலில் நிற்கிறது. ஐப்பசியில் திரும்பவும் போகிறோம், ஆனால் கிருசாந்தினிக்குப் படிப்புத் தொடங்கிவிடும், ஓட்ட ஆளில்லை. உன் கண்ணுக்கு முன்னால் என்னை வைத்திருக்க வேண்டுமென்றால் வானில் முன்சீட்டு இரண்டு, ஒன்றில் நீ, பக்கத்தில் நான். சிஞ்ஞோராவைப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் முணுமுணுத்தார், சரி என்றார்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். முருகன் உனக்குத் துணை. லைசென்ஸை மறக்காமல் கொண்டு வா. விண்ணப்பம் வேண்டுமென்றால் நீயே குனிந்து எடு, பிறகு மேசை ஆடுகிறது என்று என்னிடம் வராதே.

இப்படிக்கு,
இருபத்து மூன்று படி ஏறின உன் அம்மா
நாகபூசணி